ஒளிராத ரத்தம்

ஜூன் 17, திங்கள்

இந்த டைரி ஐஸ் கம்பெனிக்காரர்கள் மாமிக்கு ஜனவரியில் கொடுத்தது. மாமி மீன் வியாபாரம் செய்கிறார், எழுத்து வேலை பிடிக்காது. அரை வருஷமாக பீரோ மேல் கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். "எல்லாத்தையும் உள்ளயே வச்சுப் புழுங்காத, எங்கயாவது எழுது" என்று ரீகன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ரீகன் என் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மாமி அவருடைய அம்மா. டைரியைப் புரட்டுகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

காலையில் ஏலக்கூடத்துக்குப் போனேன். சினையாக இரண்டு பால்சுறா கிடைத்தன. "டீச்சர், கொழம்புக்கா, ஊசி போடவா?" என்று ஏலக்காரர் வழக்கம்போலக் கேட்டார். நான் டீச்சர் இல்லை, கடலுயிரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்தை நாலு வருஷமாக இழுத்துக்கொண்டிருப்பவள் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

பால்சுறா முட்டையிடாது, குட்டி போடும். உள்ளே குட்டிக்குத் தொப்புள்கொடியும் உண்டு. தாயின் ரத்தத்தில் நோய்க்கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இருக்கிறதே, எதிர்ப்பொருள், அது அந்தக் கொடி வழியே குட்டிக்குப் போகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. முதுகெலும்புள்ள பிராணிகளில் எதிர்ப்பொருள் வைத்திருப்பவற்றில் சுறாவின் குடும்பம்தான் மிகப் பழையது. நாற்பது கோடி வருஷத்துக்கும் மேலான பழக்கம். ரத்தம் எடுக்கும்போது ஒன்று வாலால் என்னை அடித்தது. நியாயம்தான்.

கண் மண் விழுந்ததுபோல் அறுக்கிறது. கடற்காற்றும் மைக்ராஸ்கோப்பும் சேர்ந்து செய்கிற வேலை. நேற்று ரீகன் வாங்கி வந்த மக்ரூன் தொண்டையில் மாவாக நின்றது, தண்ணீர் குடித்துத்தான் இறக்கினேன். மசக்கை என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் முடிந்துவிட்டது. வீட்டில் இருவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

மாமியோடு சண்டை. சண்டை என்றால் அவர் பேசினார், நான் பாத்திரம் விளக்கினேன்.

"அந்தச் சுறா ரத்தத்தத் தொடாதன்னு சொல்லுதேன், கேக்கியா நீ? போன தடவயும் இப்படித்தான். வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு, சினையா கெடந்ததக் குத்திக் குத்தி ரத்தம் எடுத்த. அது பாவம் சும்மா விடுமா?"

கையுறை போட்டுக்கொள்கிறேன் மாமி என்றேன். கையுறையைப் பற்றியா நான் பேசுகிறேன் என்பதுபோல் பார்த்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகளுக்கு ஏழாம் மாதம் வந்ததும் மாமியார் நல்ல பால்சுறாவாக ஏலத்தில் எடுத்து, உப்பிட்டுக் காயவைத்து, பானையில் கட்டி வைப்பார். பிள்ளை பிறந்ததும் அதைப் புட்டாகச் செய்து தாய்க்குக் கொடுத்தால் பால் ஊறும். போன தடவை மாமி ஆசை தாங்காமல் ஐந்தாம் மாதமே வாங்கிக் காயப்போட்டுவிட்டார். பிறகு அந்தப் பானையைப் பக்கத்துத் தெருவில் யாருக்கோ கொடுத்தனுப்பினார். எனக்குப் பால் மட்டும் மறக்காமல் ஊறியது.

அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 26, புதன்

ஆய்வகத்தில் ஒரு குழப்பம். சுறாவின் எதிர்ப்பொருள் கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக, மனித செல்கள் பதித்த கண்ணாடி ஸ்லைடுகளை சார் வாங்கித் தந்திருந்தார். சார் என்றால் கோமதிநாயகம் சார், என் வழிகாட்டி. இவை மருத்துவமனைகளில் பயன்படுத்தும் ஸ்லைடுகள். செல்லில் எதிர்ப்பொருள் ஒட்டினால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும், ஒட்டாவிட்டால் இருட்டு.

எந்தப் பரிசோதனையிலும் 'ஒன்றும் இல்லை' என்றால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு ஒரு ஆரோக்கியமான ரத்தம் வேண்டும். அதற்கு நெகட்டிவ் கன்ட்ரோல் என்று பெயர். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்தான் அந்த ரத்தத்தைக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிறகு யாருமே சேராததால் நாலு வருஷமாக நானே புதியவள். ஃப்ரீஸரில் என் பெயர் ஒட்டிய குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. இந்த ஸ்லைடில் வைப்பது மட்டும் இதுதான் முதல் முறை.

சுறாவுடையது இருட்டாக இருந்தது. என்னுடையது பச்சையாக ஒளிர்ந்தது.

இந்த ஸ்லைடு கிட் பழசு. சார் தேதியைப் பார்க்காமல் வாங்கிவிட்டார்.

ஜூன் 27, வியாழன்

திரும்பச் செய்தேன். திரும்பவும் பச்சை. குப்பி அழுக்காகியிருக்கும்.

ஜூன் 28, வெள்ளி

புதிதாக ரத்தம் எடுத்து, புதிய குப்பியில் வைத்துச் செய்தேன். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள். அழகாகக்கூட இருந்தது.

சார் வந்து எட்டிப் பார்த்தார். "நல்ல பாசிட்டிவ். யாரோட சீரம் இது?"

"கிட் சரியில்ல சார்."

அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். "என்னோடத வச்சுப் பாருங்க." ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். நான் எடுத்து முடிக்கும்வரை சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடையது மை பூசியதுபோல் இருட்டு. கிட் நன்றாகத்தான் இருக்கிறது.

"ஜெனோவா, கண்ணு ரொம்ப நாளா எரியுதுன்னீங்களே, வாயும் காயுதா?" என்றார். இல்லை என்றேன். மேஜைமேல் என் தண்ணீர் பாட்டில் இருந்தது. அன்றைக்கு மூன்றாவது பாட்டில். மதுரையில் ஒரு பெரிய லேபுக்கு என் ரத்தத்தை அனுப்புகிறேன் என்றார். அப்போதுதான் மூன்று மாதம் என்பதைச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட மறந்துவிட்டு அப்படியே அறைக்குள் போனார்.

ஜூலை 1, திங்கள்

வாஷிங் மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை. ரீகனின் யூனிஃபார்மைக் கையால் துவைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆன்ட்டி-ரோ என்கிற எதிர்ப்பொருள், கிருமிக்குப் பதில் சொந்த உடம்பையே பிடிப்பது, கண்ணும் வாயும் காய்வது இதனால்தான். மிக அதிகம்.

இன்று மத்தியானம் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்து உட்கார்ந்தேன். முதுகெலும்பிகளில் எதிர்ப்பொருள் எப்படி வளர்ந்து வந்தது என்கிற அத்தியாயம். என்னிடம் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான். சுறாவின் பிரதான எதிர்ப்பொருள் பெருங்கொத்து, ஐந்து சேர்ந்து ஒன்றானது. சுறாவிடம் ஒற்றைச் சங்கிலியால் ஆன விநோதமான இன்னொன்றும் உண்டு. அதே மாதிரி ஒன்றை எத்தனையோ கோடி வருஷம் கழித்து ஒட்டகமும் தனியாகச் செய்துகொண்டது. சுறாவுக்கும் ஒட்டகத்துக்கும் ஒரே யோசனை வந்ததை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். கோழி தன் எதிர்ப்பொருளை மஞ்சள் கருவில் வைத்துக் கொடுக்கிறது. பசுவின் வயிற்றில் வழி அடைத்திருக்கிறது, கன்றுக்குக் கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். நாம் மட்டும், நம்மைப் போன்ற சில பிராணிகளும், சின்னதாக, லேசாக ஒன்றை வைத்துக்கொண்டு, கருப்பையிலேயே குழந்தைக்கு அனுப்பிவிடுகிறோம். நஞ்சுக்கொடியில் அதைப் பிடித்து அக்கரை சேர்ப்பதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறது.

அந்தப் பத்தியின் கடைசி வரியை நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதினேன்: "இது பரிணாமம் தாய்க்குக் கொடுத்த சீதனம், தாய் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள்." சாருக்குப் பிடித்த வரி.

அக்கரை சேர்க்கிற அந்த ஆள் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அம்மைக்கு எதிரானதா, குழந்தையின் இதயத்துக்கே எதிரானதா என்று கேட்பதில்லை. எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறது.

ரீகனிடம் சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து வந்திருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

கருத்தரங்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு மதுரைக்குத் தனியாகப் போய் வந்தேன். டாக்டர் உமையாள், வயிற்றுக் குழந்தைகளின் இதயத்தைப் பார்ப்பவர். என்னைவிடச் சின்ன வயது மாதிரி இருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு 'துடி' என்கிற செய்தி போக ஒரு பாதை இருக்கிறதாம். ரோ எதிர்ப்பொருள் அந்தப் பாதையைப் புண்ணாக்கும். செய்தி தாமதமாகும், பிறகு நின்றே போகும். பதினாறாம் வாரத்திலிருந்து இருபத்தாறு வரை அபாயக் காலம். நான் இப்போது பதினாறு.

"பயப்படாதீங்க. உங்கள மாதிரி உள்ளவங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் குழந்தைக்கு வருது. முதல் குழந்தைக்கு வந்திருந்தா மட்டும் கணக்கு வேற, ஆறுல ஒண்ணுன்னு ஆயிடும். முந்தி ஏதாவது?"

"ஒண்ணு கலைஞ்சிருச்சு டாக்டர்."

"எத்தனாவது வாரம்?"

"சரியா ஞாபகம் இல்ல."

எனக்கா ஞாபகம் இல்லை. நூற்றுக்கு இரண்டு என்கிற எண்ணோடு பஸ் ஏறி வீட்டுக்கு வர ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். கோவில்பட்டி வரைக்கும் அது போதுமாக இருந்தது.

மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று எழுதித் தந்திருக்கிறார். அது இதற்கும் கேட்குமாம். கருத்தரிக்கும் முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். வாரா வாரம் வருகிறேன் என்றேன். தேவையில்லையே என்று நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 14, ஞாயிறு

ரீகன் மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போனில் தேடியிருக்கிறார். "உனக்கு எப்ப ஜெனோ மலேரியா வந்துச்சு?"

சொன்னேன். பாதி சொன்னேன்.

ஜூலை 16, செவ்வாய்

ரீகன் லீவு போட்டுவிட்டு மதுரைக்கு என்னோடு வந்தார். அளவு 122. மேலிருந்து கீழே செய்தி போக எடுக்கும் நேரம் அது, ஒரு நொடியை ஆயிரமாக வெட்டிய கணக்கில். 150 தாண்டக் கூடாது. நல்லா இருக்கு என்றார் டாக்டர். நான் வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

ரீகன் எழுந்திருக்கவில்லை. "டாக்டர், மொத புள்ளைக்கு இருபத்திமூணாவது வாரம் துடிப்பு ஐம்பத்தஞ்சுன்னாவ. ஒடம்பெல்லாம் நீர் கோத்திருக்குன்னாவ. நாலு நாள்ல நின்னுருச்சு. ஏன்னு அப்ப யாருக்கும் தெரியல. இதுதானா அது?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருடைய எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், வயது உட்பட. கார்டை எடுத்து, இரண்டு வாரம் என்று இருந்ததை அடித்து, ஒரு வாரம் என்று எழுதினார். "அப்ப டெஸ்ட் எடுத்திருந்தா உறுதியா சொல்லலாம். ஆனா, ஆமா. இதுவாத்தான் இருக்கும்."

இரண்டு வருஷமாக அந்த நாளைப் பற்றி ரீகன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு எண் எல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேல கிரேன்ல இருக்கேன்னு வையி. ரேடியோவுல பெட்டி நம்பர் சொல்லும்போது ஐம்பத்தஞ்சு வந்துச்சுன்னா எனக்குக் கை நின்னுரும் ஜெனோ. கீழ உள்ளவன் ஏசுவான்."

ஆறில் ஒன்று. நான் சொல்லாமல் விட்டதால் அது நூற்றுக்கு இரண்டு ஆகிவிடவில்லை. என்மேல் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல் நடித்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

126.

ஜூலை 30, செவ்வாய்

124. திரும்பும்போது மழை. ரீகன் என் தலைக்குமேல் ஃபைலைப் பிடித்தார், ரிப்போர்ட் எல்லாம் நனைந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா கோயில் திருவிழா. கூட்டத்தில் நிற்க வேண்டாம் என்று மாமி என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து எனக்கு நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தார். பிறகு அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு மீன் அரிய உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். இனியும் பொறுக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

போன தடவை நடந்ததற்குக் காரணம் சுறா ரத்தம் இல்லை மாமி, என் ரத்தம்தான். கிருமியைப் பிடிக்க வேண்டியது பிள்ளையின் இதயத்தைப் பிடித்துவிட்டது. நான் தெரிந்து செய்யவில்லை, என் உடம்பு எனக்கே தெரியாமல் அனுப்பியிருக்கிறது. சொல்லச் சொல்ல என் குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஏசுவார் என்று காத்திருந்தேன். அந்த வசவுகளைக்கூட என் மனதுக்குள் தயாராக வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

மாமி மீனை அரிவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அதுக்கு வலிச்சிருக்குமா புள்ள?"

இதை நான் என்னிடம்கூடக் கேட்டதில்லை. எந்தப் புத்தகத்திலும் தேடியதில்லை. தெரியலையே மாமி என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷத்து அழுகை, அசிங்கமாக, மூக்கு ஒழுக. மாமி மீன் கையை என்மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நான்தான் கண்டதையும் சொல்லிட்டேன்" என்றார். குழம்பில் உப்பு போட இருவரும் மறந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சுறாக் குட்டிகளின் ரிசல்ட். தாயின் எதிர்ப்பொருள் குட்டிகளின் ரத்தத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாது, அவ்வளவு சொற்பம். கொத்து பெரிதாக இருப்பதால் கடக்க முடிவதில்லை என்று நினைக்கிறேன். அந்தத் தாய் தன் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பையும் அனுப்பவில்லை, எந்தக் கேட்டையும் அனுப்பவில்லை.

சார், "ஏமாற்றமா இருக்கா?" என்றார். பொறாமையாக இருக்கிறது சார் என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

137. "இதுவும் நார்மல்தான்" என்றார் டாக்டர். போன வாரம் 125. நார்மலுக்குள்ளேயே ஏறுவதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

152.

மூன்று தடவை அளந்தார். 152, 149, 153. இருபத்திரண்டாவது வாரம்.

பாதை முழுவதும் அடைபட்டுவிட்டால் திறக்க மருந்து கிடையாது. இப்போது ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அது குழந்தையின் வளர்ச்சியைக் கொஞ்சம் தடுக்கும், பலன் கிடைக்குமென்று உறுதியும் இல்லை. மூன்று நாள் பொறுத்து இன்னொரு தடவை பார்ப்போம், ஏறியிருந்தால் தொடங்கிவிடலாம் என்றார். வீட்டில் துடிப்பைக் கேட்க ஒரு சின்ன கருவி கொடுத்திருக்கிறார். சீராக வேகமாகக் கேட்டால் சரி. தடுமாறினாலோ மெதுவானாலோ எந்த நேரமானாலும் கிளம்பி வர வேண்டும்.

மாமிக்குக் கேட்கக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நம்ம வள்ளத்து எஞ்சின் மாதிரி ஓடுதே. இதுக்கா பயப்படுத?"

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்கிறேன்: பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

காலை, மதியம், மாலை, ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்துக்குப் போகவில்லை. அலமாரியில் பழைய துணிகளை மடித்து வைத்தேன், கலைத்தேன், மறுபடி மடித்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

குழந்தை கருவிக்கு எட்டாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. எதுவும் கேட்கவில்லை. ரீகனுக்குப் போன் போட்டுவிட்டேன், அவர் கிரேனிலிருந்து இறங்கி ஹெல்மெட்டோடு வந்துவிட்டார். அவர் வாசலில் வண்டியை நிறுத்தும்போது இந்தப் பக்கம் கேட்க ஆரம்பித்தது. மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டோம். யாருக்கும் எழுந்து போக மனமில்லை. மாமி அங்கேயே ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

139.

குறைந்திருக்கிறது. மாத்திரையா, அல்லது அன்றைக்குக் குழந்தை அசைந்ததில் அளவு தப்பியதா, தெரியவில்லை என்று டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். ஸ்டீராய்டு இப்போதைக்கு வேண்டாம். தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது. ரீகன் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று ஜிகர்தண்டா வாங்கினார். இரண்டை அவரே குடித்தார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இருபத்தாறாவது வாரம். 134. அபாய வாரங்களைப் பெரும்பாலும் தாண்டிவிட்டோம் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்னோடு பஸ்ஸில் வந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஏழாம் மாதம். மாமி சுறா வாங்கவில்லை. ஏலத்தில் நல்ல பால்சுறா வந்ததாக எனக்கே காதில் விழுந்தது. கேட்கக் கூடாது என்று வைத்திருந்தும் கேட்டுவிட்டேன்.

"சுறா எங்க ஓடிப்போவுது? கடல்லதான கெடக்கு. புள்ள மொதல்ல வரட்டும்" என்றார் மாமி, என் முகத்தைப் பார்க்காமல்.

அவரும் என்னைப் போலத்தான் வாரங்களை எண்ணிக்கொண்டு இருக்கிறார். அது தெரிந்தது. ஆனாலும் வலித்தது.

இரண்டாம் அத்தியாயத்தில் 'சீதனம்' என்கிற வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சாருக்கு ஓட்டையோடுதான் அனுப்பினேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

நேற்றுப் பிறந்தாள். ஆபரேஷன்தான். அழுதாள். அழுகிற சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன், மயக்க மருந்து டாக்டர் பயந்துவிட்டார்.

இசிஜி எடுத்துவிட்டார்கள். செய்தி போகும் நேரம் ஒரு துளி அதிகம், ஆனால் துடிப்பு 140, ஒன்றுகூடத் தவறவில்லை. இதற்குமேல் மோசமாக வாய்ப்பு குறைவு, பார்த்துக்கொண்டே இருப்போம் என்கிறார்கள். என் எதிர்ப்பொருள் அவள் ரத்தத்தில் இன்னும் அரை வருஷமாவது இருக்கும். நல்லதும் கெட்டதும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும்.

மத்தியானம் மாமி தூக்குவாளியோடு வந்தார். மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்கப் பூண்டும் மிளகும் மணத்தது. சுறாப்புட்டு. காலை ஏலத்தில் எடுத்து, அப்படியே அவித்து, முள் எடுத்து, உதிர்த்துச் செய்திருக்கிறார். காயவைத்தது இல்லை, பச்சை மீன்.

"சினையில்லாததா பாத்துதான் எடுத்தேன்" என்றார். "வயித்த அமுக்கிப் பாத்துட்டுத்தான் வெல கேட்டேன். ஏலக்காரன் சிரிக்கான். சிரிக்கட்டும்."

உப்பு கூடத்தான். வாய் காய்கிறது, தண்ணீர் குடித்துக் குடித்து முழுவதையும் சாப்பிட்டேன். மாமி வாளியைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய் வராந்தாவில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பால் ஊறியது. இந்தத் தடவை குடிக்க ஆள் இருந்தது.

மரிய ஜோவிட்டா என்று பெயர். மாமி வைத்தது.

செப்டம்பர் 17, புதன்

ஐஸ் கம்பெனிக்காரர்கள் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். ஒன்பது மாதம் அதில் நான் எதுவும் எழுதவில்லை. எழுத நேரம் கொடுப்பவளாக ஜோவிட்டா இல்லை.

இன்று அவள் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மதுரை லேபுக்கும் அனுப்பியிருக்கிறது, ஆனாலும் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒரே ஸ்லைடில் ஒரு வட்டத்தில் என்னுடையது, பக்கத்து வட்டத்தில் அவளுடையது. சாயம் வைத்தேன், கழுவினேன். சார் பக்கத்திலேயே நின்றார்.

என் வட்டம் முழுக்க அதே பச்சைப் புள்ளிகள். ஸ்லைடை நகர்த்தினேன். இருட்டு. இன்னும் நகர்த்தினேன். இருட்டுதான்.

சார் குனிந்து பார்த்தார். "இந்த வட்டத்துல சீரம் வைக்க மறந்துட்டீங்களா ஜெனோவா? ஒண்ணுமே இல்லையே."

"வச்சேன் சார். ஒண்ணுமே இல்ல."

அவர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை திரும்பப் போட்டுக்கொண்டார். "அப்ப நம்ம லேபுக்குப் புது நெகட்டிவ் கன்ட்ரோல் கிடைச்சாச்சு" என்றார். புதியவர்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்கிற வழக்கத்தைச் சொல்கிறார். இந்த ஒரு தடவைதான் சார், இனி அவளை ஊசியால் குத்த விடமாட்டேன் என்றேன். ஃப்ரீஸரில் இருந்த என் குப்பிகளை எடுத்து, நெகட்டிவ் என்கிற சீட்டைக் கிழித்து, பாசிட்டிவ் என்று எழுதி ஒட்டினேன். வெகுநாளாகத் தள்ளிப்போட்ட வேலை.

திரும்பும்போது வண்டியை ஓட்ட முடியாமல் ஓரமாக நிறுத்தினேன். அவளிடம் என்னுடையது எதுவும் இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு சந்தோஷமும். அதற்குத்தான் துக்கமும். அம்மைக்கு, இருமலுக்கு என்று நான் கொடுத்து வைத்திருந்த நல்லவையும் அதோடு போய்விட்டன. இனி அவளைக் காக்க என் ரத்தத்தால் ஆவது எதுவும் இல்லை.

வீட்டு வாசலிலேயே மாமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "ஒடம்பு அனலா கொதிக்கி. ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா. ரீகனுக்குப் போன் போடு."

வாங்கிப் பார்த்தேன். காய்ச்சல்தான். காது ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. மற்றபடி என் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நன்றாகவே இருந்தாள். போன வாரம் தட்டம்மைத் தடுப்பூசி போட்டோம், ஒரு வாரம் கழித்து இப்படிக் காயலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். என்னுடையது ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் ஊசியை அதுவே தடுத்திருக்கும், இவளுக்குக் காய்ச்சல் வந்திருக்காது.

மாமியை உட்காரச் சொன்னேன். ஈரத்துணி எடுத்து வந்து ஜோவிட்டாவின் நெற்றியில் வைத்தேன். அவள் உடம்பு முதல் தடவையாக அம்மைக்கு எதிராகத் தனக்கென்று ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. வருஷத்துக்கும் மேலாக எது நடந்தாலும் பயந்தே பழகிய எனக்கு இன்று பயம் வரவில்லை. அந்தச் சூடு முழுவதும் அவளுடையது.